நானோகுழாய் பூசிய இரண்டு பரப்புகள்: வழுக்குமா, பிடித்துக்கொள்ளுமா?

கேள்வி இதுதான்: இரண்டு பரப்புகளிலும் கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்) பூசி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து நகர்த்தினால் உராய்வு குறையுமா, கூடுமா? கேட்டவர் ஓரிடத்தில் "உராய்வே இல்லாத நானோ பேரிங்" என்றும், இன்னோரிடத்தில் "பல்லிப் பாதம் மாதிரி ஒட்டும் நானோகுழாய் டேப்" என்றும் படித்துவிட்டுக் குழம்பியிருக்கிறார். கூடவே ஒரு துணைக்கேள்வி: பள்ளியில் படித்தபடி உராய்வுக் குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கி விடை எடுத்துவிடலாமா?

அவர் படித்த இரண்டுமே உண்மை, இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவைதான். அந்தப் பொருள் பரப்பின் மேல் எப்படி இருக்கிறது என்பதைத்தான் இத்தகைய செய்திகள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. நானோகுழாய்க்கென்று தனியாக ஓர் உராய்வு எண் கிடையாது. குழாய் படுத்திருக்கிறதா நிற்கிறதா, அதன் பக்கச் சுவர் தொடுகிறதா நுனி தொடுகிறதா, எவ்வளவு நீளத்துக்குத் தொடுகிறது என்பவைதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. துணைக்கேள்விக்குப் பதில், பெரும்பாலும் "கூடாது" என்பதே. ஏன் என்று பார்க்கக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

1699இல் பிரான்சின் அமான்டன்ஸ் சொன்னது நமக்கெல்லாம் தெரிந்த விதி: உராய்வு அழுத்தும் விசைக்கு நேர்விகிதம், தொடும் பரப்பளவைப் பொறுத்ததல்ல. இரண்டாவது பாதி முதலில் கேட்பவருக்கு விநோதமாகத்தான் இருக்கும். அதற்குச் சரியான விளக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கேம்பிரிட்ஜில் பவுடனும் டேபரும் கொடுத்தது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பும் நுண்ணளவில் மேடுபள்ளம்தான். மேடுகளின் உச்சிகள் மட்டும்தான் உண்மையில் தொட்டுக்கொள்கின்றன. கூடுதலாக அழுத்தினால் உச்சிகள் நசுங்கி உண்மைத் தொடுபரப்பு கூடுகிறது, அதனால் உராய்வும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஆக, குணகம் என்று நாம் சொல்லும் எண்ணுக்குள்ளே இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன: உண்மையில் தொடும் பரப்பு எவ்வளவு, அந்தப் பரப்பில் ஒரு சதுர அலகைச் சறுக்கவைக்க எவ்வளவு விசை வேண்டும். நானோகுழாயில் இந்த இரண்டும் எதிரெதிர் திசையில் போகின்றன. முழுக் குழப்பமும் அங்கேதான் பிறக்கிறது.

முதலில் சறுக்கும் விசையைப் பார்ப்போம். கிராபைட்டின் ஒற்றை அணுத் தாளைச் சுருட்டி ஒட்டினால் வருவது ஒற்றைச் சுவர் நானோகுழாய். அதன் விட்டம் பொதுவாக 1 நானோமீட்டர் அளவில் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழாய்கள் செருகியிருந்தால் பல்சுவர்க் குழாய், சுவருக்கும் சுவருக்கும் இடையே ஏறக்குறைய 0.34 நானோமீட்டர். 1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் இவற்றைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் 1952லேயே சோவியத் விஞ்ஞானிகள் இருவர் கார்பன் குழாய்களின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வெளியிட்டிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2000இல் பெர்க்லியில் ஜான் கம்மிங்ஸும் அலெக்ஸ் ஜெட்டிலும் ஓர் அழகான சோதனை செய்தார்கள். பல்சுவர்க் குழாய் ஒன்றின் நுனியைத் திறந்து, உள்குழாயை மட்டும் பிடித்து வெளியே இழுத்தார்கள். எல்லாம் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கண்முன்னே நடந்தது. பிடியை விட்டதும் உள்குழாய் தானாகவே உள்ளே ஓடிப் புகுந்துகொண்டது. இழுத்தது வாண்டர்வால்ஸ் விசை, அதாவது நெருங்கியிருக்கும் அணுக்களுக்கிடையே இயல்பாக இருக்கும் மெல்லிய கவர்ச்சி. தடுக்க வேண்டிய உராய்வு அதை விடக் குறைவு என்பதால்தான் அது ஓடியது. திரும்பத் திரும்பச் செய்தும் தேய்மானம் கண்ணில் படவில்லை. "உராய்வே இல்லாத பேரிங்" என்ற செய்தி இங்கிருந்துதான் கிளம்பியது.

ஏன் இப்படி? வெளிக்குழாயின் அணுக்கள் அமைந்த முறையும் உள்குழாயின் அணுக்கள் அமைந்த முறையும் பொதுவாக ஒத்துப்போவதில்லை. சுருட்டிய கோணம் வேறு, சுற்றளவு வேறு. ஓர் அணுவை முன்னே தள்ளும் விசை இருந்தால் பக்கத்து அணுவைப் பின்னே தள்ளும் விசை இருக்கும். ஆயிரக்கணக்கான அணுக்களைக் கூட்டிப் பார்த்தால் மிச்சம் ஏறக்குறைய பூஜ்யம். பரப்பு பெரிதாகப் பெரிதாக உராய்வும் பெரிதாக வேண்டும் என்ற சாதாரண எதிர்பார்ப்பு இங்கே எடுபடாது. இதைத்தான் மீவழுக்கம் என்கிறார்கள். கிராபைட் தாள்களுக்கிடையே இதை 2004இல் நெதர்லாந்தின் லைடன் குழு நேரடியாக அளந்து காட்டியது: தாளைத் திருப்பிக்கொண்டே போனால் அணு வரிசைகள் ஒத்துப்போகும் கோணங்களில் உராய்வு எகிறுகிறது, மற்ற கோணங்களில் விழுந்துவிடுகிறது.

இப்போது பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு கணக்கு. கம்மிங்ஸும் ஜெட்டிலும் "உராய்வு இவ்வளவு" என்று சொல்லவில்லை, "இதற்கு மேல் இருக்க முடியாது" என்றுதான் சொன்னார்கள். அந்த உச்சவரம்பு, ஓய்வுநிலை உராய்வுக்கு, ஓர் அணுவுக்கு 2.3 × 10⁻¹⁴ நியூட்டன். கேட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது, இல்லையா? அதைப் பரப்பளவுக்கு மாற்றினால் ஒரு சதுர செ.மீ. உண்மைத் தொடுபரப்புக்கு ஏறக்குறைய 66 நியூட்டன் வருகிறது. ஆறரைக் கிலோவுக்கு மேல் எடையைத் தாங்கும் விசை அது! ஒரு சதுர செ.மீ. முழுவதும் அணுவோடு அணு உரசிக்கொண்டிருந்தால், "உராய்வே இல்லாத" அந்த வரம்பே கனமான ஓர் எண்ணாகிவிடுகிறது. அடுத்து வரும் ஒட்டும் டேப்பின் எண்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், அதிசயம் பாதி கரைந்துவிடும்.

நியாயமாகச் சொன்னால், அந்த வரம்பு பின்னால் வெகுவாகக் கீழே வந்தது. 2006இல் அதே ஜெட்டில் குழு ஓர் அணுவுக்கு 1.4 × 10⁻¹⁵ நியூட்டனுக்கும் குறைவு என்று காட்டியது. 2013இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு சென்டிமீட்டர் கணக்கில் நீளமான, குறையே இல்லாத இரட்டைச் சுவர்க் குழாய்களை வளர்த்து, உள்குழாயைத் திறந்த காற்றிலேயே உருவியது. ஒரு செ.மீ. நீளக் குழாய்க்கு உராய்வு 1 நானோநியூட்டன் அளவுதான், நீளம் கூடினாலும் உராய்வு கூடவில்லை. எதிர்ப்பு கிட்டத்தட்ட எல்லாம் நுனியிலிருந்து வருகிறது, நடுச்சுவர் சும்மா வழுக்கிக்கொண்டு போகிறது என்று பொருள். இதில் "குறையே இல்லாத" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஓர் அணு காணாமல் போன இடம், ஒரு ஆக்சிஜன் தொகுதி ஒட்டிய இடம், ஒரு வளைவு, ஏதாவது ஒன்று இருந்தாலே கணக்கு மாறிவிடும்.

சரி, இதெல்லாம் குழாய்க்குள் குழாய். கேள்வி பூச்சைப் பற்றியது. பூச்சில் ஒரு குழாய் இன்னொன்றுக்குள் செருகியிருக்கப் போவதில்லை, வெளிச்சுவர்களும் நுனிகளும்தான் சந்திக்கப் போகின்றன. பூச்சு இரண்டு வகை. குழாய்களை ஒரு திரவத்தில் கலக்கித் தெளித்தோ தடவியோ உலர்த்தினால் அவை பரப்பின் மேல் படுத்துக்கொள்ளும், ஒன்றன் மேல் ஒன்று தாறுமாறாகக் குறுக்கிட்டுக் கிடக்கும். மாறாக, பரப்பின் மேல் இரும்பு போன்ற வினையூக்கித் துகள்களைத் தூவி, சூடான உலையில் கார்பன் வாயுவைச் செலுத்தினால் குழாய்கள் நெருக்கமாக நிமிர்ந்து வளரும். ஆய்வகத்தில் இதைக் காடு என்றே சொல்வார்கள். 2004இல் ஜப்பானின் கெஞ்சி ஹாட்டா குழு வாயுவோடு துளி நீராவி சேர்த்து, பத்து நிமிடத்தில் 2.5 மில்லிமீட்டர் உயரக் காட்டை வளர்த்தது. 2014இல் பேசப்பட்ட, உலகிலேயே கறுப்பான பூச்சு என்று பெயர் வாங்கிய வாண்டாபிளாக்கும் இப்படிப்பட்ட ஒரு காடுதான். அதைக் கையால் தொடக் கூடாது. தொட்டால் காடு படுத்துவிடும், கறுப்பும் போய்விடும்.

படுத்ததற்கும் நின்றதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே ஆய்வில் பார்க்க வேண்டுமென்றால் 2005இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கிரெக் சாயர், டிக்ரெல் முதலியோரும் புலிக்கல் அஜயன் குழுவும் சேர்ந்து செய்ததைச் சொல்லலாம். நிற்கும் காட்டின் மேல் ஒரு சிறு முனையை உரசியபோது குணகம் 0.795. குழாய்கள் பரப்போடு படுத்திருந்தபோது 0.090. அதே கார்பன், ஏறக்குறைய ஒன்பது மடங்கு வித்தியாசம். ஒன்று டெஃப்லானுக்குப் பக்கத்து எண், மற்றது காய்ந்த தார்ச்சாலையில் ரப்பர் டயருக்குப் பக்கத்து எண். "நானோகுழாயின் உராய்வுக் குணகம் எவ்வளவு" என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு எண்களைத்தான்.

படுத்த பூச்சு ஏன் வழுக்குகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்: சுவரோடு சுவர், அணு வரிசைகள் ஒத்துப்போகாத சந்திப்பு. இரண்டு பரப்பிலும் படுத்த பூச்சு இருந்தால் குழாய்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொள்ளும். வெட்டும் இடம் ஒவ்வொன்றும் சில சதுர நானோமீட்டர்தான், உண்மைத் தொடுபரப்பு மிகச் சிறியது. அப்படியும் உராய்வு பூஜ்யத்துக்கு ஏன் போவதில்லை? குழாய் விறைப்பான கம்பி இல்லை, அழுத்தினால் குறுக்கே நசுங்கும், பக்கவாட்டில் அசையும். 2009இல் ஜார்ஜியா டெக்கின் எலிசா ரியேடோ குழு ஒரு தனிக் குழாயின் மேல் அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியை ஓட்டிப் பார்த்தது. குழாயின் நீளவாக்கில் ஓட்டினால் உராய்வு குறைவு, குறுக்கே ஓட்டினால் தெளிவாகக் கூடுதல். குறுக்கே தள்ளும்போது குழாய் உருளப் பார்க்கிறது, ஆனால் அடியில் ஒட்டியிருப்பதால் முழுதாக உருள முடியாமல் ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் ஆற்றல் வீணாகிறது. தாறுமாறான பூச்சில் எந்தத் திசையில் நகர்த்தினாலும் பாதிக் குழாய்கள் குறுக்கேதான் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். எண்ணெயில் நானோகுழாய் கலந்து விற்பவர்கள் "குழாய்கள் உருளைகளாக உருண்டு உராய்வைக் குறைக்கின்றன" என்று படம் போட்டுக் காட்டுவார்கள். உருள்வது உண்மையாகவே பார்க்கப்பட்ட விஷயம்தான்: 1999இல் வட கரோலினாவில் ஃபால்வோ முதலியோர் கிராபைட்டின் மேல் கிடந்த குழாயை ஊசியால் தள்ளி உருட்டினார்கள். ஆனால் அது உருண்டது எப்போது? குழாயின் அணு வரிசையும் கிராபைட்டின் அணு வரிசையும் ஒத்துப்போய், சறுக்குவது கடினமாகிப் போனபோது. மற்ற கோணங்களில் அது சுலபமாகச் சறுக்கியது. ஆகவே உருள்வது உராய்வு குறைந்ததன் அடையாளமல்ல, பூட்டிக்கொண்டதன் அடையாளம். ஒரு பூச்சில் மைக்ரான் கணக்கில் நீண்டு ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் குழாய்கள் எங்கே உருளப் போகின்றன?

இனி காட்டுக்கு வருவோம். கேள்வியின் சுவாரசியமான பகுதி இதுதான்.

காடு என்றதும் அடர்ந்த ஒன்றைக் கற்பனை செய்யாதீர்கள். சதுர செ.மீ.க்கு ஆயிரம் கோடி குழாய்கள் இருந்தாலும், ஒவ்வொன்றும் 10 நானோமீட்டர் தடிமன் என்றால், பரப்பில் ஒரு சதவீதம்கூட நிறைவதில்லை. மீதி எல்லாம் காற்று. குழாய்கள் நேராகவும் இருப்பதில்லை, நெளிந்து நெளிந்து அண்டைக் குழாயைத் தொட்டுத் தொட்டு மேலே போகின்றன. உச்சியில் முதலில் வளர்ந்த பகுதி பெரும்பாலும் ஒரு சிக்கலான மேலோடாக இருக்கும், தலைமுடி சிக்குப்பிடித்தது போல. குழாய் எவ்வளவு மெலிது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 நானோமீட்டர் வெளிவிட்டம், 5 நானோமீட்டர் உள்விட்டம், 100 மைக்ரான் உயரம், விறைப்பைக் காட்டும் யங் குணகம் 1 டெரா பாஸ்கல். மெல்லிய தூண் எந்த விசையில் மடங்கும் என்று சொல்லும் ஆய்லரின் சூத்திரப்படி இரு முனையும் கீலிட்ட தனிக் குழாய் மடங்க அரைப் பிகோநியூட்டன்கூட வேண்டாம். ஆயிரம் கோடிக் குழாய்களையும் சேர்த்தால் சதுர செ.மீ.க்கு அரை கிராம் எடை! நிஜக் காடு இதை விடப் பல மடங்கு தாங்குகிறது, அண்டைக் குழாய்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால். ஆனாலும் லேசாக அழுத்தினாலே நுனிகள் வளைந்து படுக்கும் என்பது நிச்சயம்.

அந்த வளைவில்தான் விஷயம் இருக்கிறது. தொடும்போது நுனிகள் மட்டும் தொடுகின்றன. அழுத்தி, பக்கவாட்டில் கொஞ்சம் இழுத்தால், நுனியிலிருந்து ஒரு நீளம் வரை குழாய் எதிர்ப்பரப்பின் மேல் இழுபட்ட திசையில் படுத்துக்கொள்கிறது. புள்ளித் தொடுகை கோட்டுத் தொடுகையாகிறது. உண்மைத் தொடுபரப்பு பல மடங்கு பெருகுகிறது. சாதாரண உலோகப் பரப்பில் உச்சிகள் நசுங்கித் தொடுபரப்பு கூடக் கூடுதல் எடை வேண்டும், எடையை எடுத்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். இங்கே எடையை எடுத்த பிறகும் வாண்டர்வால்ஸ் விசை குழாயைப் பிடித்து வைத்திருக்கும்.

பல்லியின் பாதத்தில் நடப்பதும் இதே சங்கதிதான். கெக்கோ என்ற பெரிய பல்லியின் விரலடியில் உள்ள நுண்மயிர்கள் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 10 நியூட்டன் பிடி தருகின்றன. 2007இல் அக்ரான் பல்கலைக்கழகத்தின் அலி தினோஜ்வாலாவும் அஜயனும் நானோகுழாய்களைக் கற்றை கற்றையாக நிறுத்திச் செய்த டேப் 36 நியூட்டன் தாங்கியது. 2008இல் லிமிங் டாய் குழுவின் காடு கண்ணாடிச் சுவரில் பக்கவாட்டு இழுப்புக்கு 100 நியூட்டன் வரை தாங்கியது. ஆனால் நேராகப் பிடுங்கினால் 10 நியூட்டன் அளவிலேயே விட்டுவிட்டது. பக்கவாட்டில் இழுக்கும்போது படுத்த குழாய்களின் மொத்த நீளமும் சேர்ந்து எதிர்க்கிறது. நேராகத் தூக்கும்போது ஒவ்வொரு குழாயும் நுனியிலிருந்து உரிந்துகொண்டே வருகிறது. குழாய் நீளம் கூடக்கூடப் பக்கவாட்டுப் பிடி கூடியது, நேர்ப்பிடி பெரிதாக மாறவில்லை.

அந்த 100 நியூட்டனை முன்பு பார்த்த 66 நியூட்டன் வரம்போடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவுக்குள்தான் இருக்கின்றன. பரப்பு அலகுக்கு வழுக்கலான பொருள்தான், தொடும் பரப்பு மட்டும் தாராளம். அவ்வளவுதான் மர்மம்.

இங்கே துணைக்கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. செங்குத்து விசை பூஜ்யமாக இருக்கும்போதும், சுவரில் தொங்குவது போல எதிர்த்திசையில் இழுக்கும்போதும்கூட உராய்வு இருக்கிறது. அமான்டன்ஸ் விதிப்படி அது பூஜ்யமாக இருக்க வேண்டும். அளந்த உராய்வைச் செங்குத்து விசையால் வகுத்தால் குணகம் முடிவிலிக்குப் போகும். லேசான எடையில் அளந்தவருக்கு 3 வரும், கனமான எடையில் அளந்தவருக்கு 0.5 வரும், இருவரும் சண்டை போட்டுக்கொள்ளலாம். ரஷ்யாவின் டெர்யாகின் 1930களில் சொன்ன திருத்தம் இதற்கு நல்ல தொடக்கம்: அழுத்தும் விசையோடு பரப்புகள் ஒன்றையொன்று இழுக்கும் ஒட்டுவிசையையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் குணகத்தால் பெருக்க வேண்டும். ஆனால் காட்டில் அந்த ஒட்டுவிசையே முதலில் எவ்வளவு அழுத்தினோம், எந்தத் திசையில் இழுத்தோம், எத்தனையாவது தடவை என்பதைப் பொறுத்தது. அதனால் இந்தப் பரப்புகளுக்கு ஒற்றைக் குணகம் எழுதுவதை விட, இவ்வளவு முன்னழுத்தத்துக்குப் பிறகு சதுர செ.மீ.க்கு இவ்வளவு சறுக்கு விசை என்று எழுதுவதே நேர்மையானது என்பது என் கருத்து.

காட்டின் மேல் கண்ணாடி இல்லாமல் காட்டின் மேல் காடு வைத்தால்? கேட்டவரின் மனதில் இருந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு பரப்பிலும் பூசியது என்கிறார். குழாய்களுக்கிடையே இவ்வளவு இடைவெளி இருப்பதால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பூட்டிக்கொள்ளும் என்று தோன்றும். உச்சியில் உள்ள சிக்கு மேலோடும் குழாயின் மெலிவும் அதைப் பெருமளவு தடுத்துவிடும். மேலோடு மேலோட்டைத் தொடும், சிக்குகள் கொஞ்சம் மாட்டிக்கொள்ளும், குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாகப் படுக்கும். இரண்டு பக்கமும் வளைவதால், ஒரு பக்கம் விறைப்பான கண்ணாடி இருந்தால் வரும் நேர்த்தியான கோட்டுத் தொடுகை இங்கே குறைவு. மேலோட்டைப் பிளாஸ்மாவால் (மின்னேற்றிய வாயுவால்) செதுக்கி எடுத்துவிட்டு அழுத்தினால் ஊடுருவல் கூடும். நுனிகள் கொக்கி வடிவில் இருந்தால் இன்னும் பிடிக்கும். 2003இல் டேவிட் தோமானெக் குழு அப்படிப்பட்ட நானோ கொக்கிகளைக் கணினியில் கணக்கிட்டு, பள்ளிப் பையில் இருக்கும் வெல்க்ரோவின் அணுவளவுப் பதிப்பு சாத்தியம் என்று காட்டியது.

நகரத் தொடங்கிய பிறகு ஆற்றல் எங்கே போகிறது என்பதும் காட்டில் வேறு கதை. அணுக்கள் உரசுவதால் போவது சிறு பங்கு. குழாய்கள் வளைவது, ஒட்டியிருந்த இரண்டு குழாய்கள் ஜிப் போலப் பிரிவது, மறுபடி ஒட்டுவது என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றல் வெப்பமாகிறது. 2010இல் ஹாட்டாவின் குழு இப்படிச் சிக்கிய நீண்ட குழாய்களின் பொதி ஒன்று மைனஸ் 196 டிகிரியிலிருந்து 1,000 டிகிரி செல்சியஸ் வரை ஒரே மாதிரி பிசுபிசுப்போடு நடந்துகொள்வதைக் காட்டியது. ரப்பர் அந்தக் குளிரில் கண்ணாடியாக உடையும், அந்தச் சூட்டில் எரிந்தே போகும். விண்வெளிக் கருவிகள் செய்பவர்கள் இந்தப் பூச்சுகள் மேல் கண் வைத்திருப்பதற்குக் காரணம் குணகத்தின் அளவை விட இந்த நிலைத்தன்மைதான்.

அப்புறம் தேய்மானம். செய்திகளில் வராத பகுதி இது, ஆனால் சோதனை செய்பவரின் நேரத்தில் பாதியை இதுதான் தின்னும். காட்டின் மேல் முதல் உரசலில் வரும் எண்ணும் பல நூறு உரசலுக்குப் பிறகு வரும் எண்ணும் ஒன்றல்ல. குழாய்கள் படுத்து, நசுங்கி, பாதையில் ஒரு பளபளப்பான கோடு விழும். கறுப்பு பளபளப்பாவது கண்ணுக்கே தெரியும், நுண்ணோக்கி தேவையில்லை. அந்தப் பாதை இப்போது படுத்த பூச்சு, உராய்வு இறங்கிவிடும். கொஞ்சம் கார்பன் எதிர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு கிராபைட் போன்ற மெல்லிய படலமாகும். அதன் பிறகு நீங்கள் அளப்பது கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலான உராய்வு. இன்னொரு பலவீனம் வேரில். காடு சிலிக்கான் தகட்டில் வளர்ந்திருந்தாலும் அதைப் பிடித்திருப்பது மிக லேசாகத்தான், சாதாரண செல்லோடேப்பால் உரித்துவிடலாம். உச்சியில் பிடி பலமாக இருந்து வேர் பலவீனமாக இருந்தால், சறுக்கியது எங்கே என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதுவதில் அர்த்தமில்லை.

ஈரப்பதத்தையும் மறக்கக் கூடாது. கிராபைட் தானாகவே வழுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உயரப் பறந்த விமானங்களின் மின்னியந்திரங்களில், சுழலும் பகுதியைத் தொட்டு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்கள் விறுவிறுவென்று தூளாகிப் போயின. மேலே காற்று வறண்டது என்பதே காரணம். கிராபைட்டின் உடைந்த விளிம்புகளில் ஒட்டி அவற்றைச் சாந்தப்படுத்த நீராவி வேண்டும், அது இல்லையென்றால் விளிம்புகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். நானோகுழாயின் சுவருக்கு விளிம்பு இல்லை, ஆனால் உடைந்த குழாய்க்கும் திறந்த நுனிக்கும் உண்டு. வெற்றிடத்தில் ஓட வேண்டிய கருவிக்குச் சென்னைக் காற்றில் அளந்த எண்ணை வைத்து முடிவெடுப்பது ஆபத்து.

நானோகுழாய்ப் பூச்சு என்றதும் கீழடியைப் பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாகச் சொன்னது. சுவையான செய்திதான். ஆனால் அங்கே குழாய்கள் சூளையின் சூட்டில் தற்செயலாக உருவாகிப் பூச்சுக்குள் புதைந்தவை. அவற்றை வைத்து உராய்வைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

குழாய்கள் மேலும் வழுக்கலாக இருந்திருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றினால், நானோகுழாய்களால் நூல் நூற்பவர்களைக் கேளுங்கள். தனிக் குழாயின் இழுவை வலிமை பத்துக்கணக்கான கிகா பாஸ்கல். காட்டிலிருந்து உருவி முறுக்கி 2004இல் நூற்ற முதல் நூல்களோ சில நூறு மெகா பாஸ்கலில் அறுந்தன. குழாய் உடையவில்லை, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு பிரிந்துவிட்டது. முறுக்கை ஏற்றுவது, திரவத்தில் நனைத்து நெருக்குவது, எலக்ட்ரான் கற்றையால் குழாய்களுக்கிடையே பாலம் போடுவது என்று அவர்கள் படும் பாடெல்லாம் உராய்வைக் கூட்டுவதற்குத்தான்.

எனவே இரண்டு பரப்பிலும் பூசப் போகிறவர் முதலில் தனக்கு என்ன வேண்டும் என்று தீர்மானிக்கட்டும். வழுக்க வேண்டுமென்றால் காடு வளர்க்க வேண்டாம். குழாய்களைப் படுக்கவைத்து, முடிந்தால் நகரும் திசைக்கு நீளவாக்கில் வரிசைப்படுத்தி, அடிப்பரப்போடு ஒரு பிசினால் கட்டிப்போடலாம். எதிர்ப்பரப்பிலும் பூச வேண்டிய அவசியம் பல நேரம் இருக்காது, கொஞ்ச நேரத்தில் படலம் தானாகவே அங்கே இடம்பெயர்ந்துவிடும். பிடிக்க வேண்டுமென்றால் ஒரு பக்கம் மட்டும் காடு, மறுபக்கம் வழவழப்பான கண்ணாடியோ மெருகேற்றிய உலோகமோ போதும். இரண்டு பக்கமும் காடு வைப்பதால் பிடி இரட்டிப்பாகும் என்று எதிர்பார்க்க முடியாது. கடத்துதிறனுக்காக, உதாரணமாக மின்தொடர்புப் பரப்புகளிலோ வெப்பத்தைக் கடத்தும் இடைப்பரப்புகளிலோ, இரண்டு பக்கமும் காடு தேவைப்பட்டால் வைக்கலாம். ஆனால் அங்கே உராய்வு பக்க விளைவுதான்.

அளக்கும்போது எடையைப் படிப்படியாகக் குறைத்துப் பூஜ்யம் வரை கொண்டுபோய் உராய்வை வரைபடமாக்கினால், கோடு எங்கே அச்சை வெட்டுகிறது என்பதிலிருந்தே ஒட்டுவிசையின் பங்கு தெரிந்துவிடும். முதல் உரசலையும் பழகிய பிறகு வரும் உரசலையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஈரப்பதத்தையும் எழுதுங்கள். காட்டை உரசிச் சோதிப்பவர்கள் மூடிய பெட்டிக்குள்ளோ காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டுக்குள்ளோ செய்வது நல்லது. நீளமான விறைப்பான நானோகுழாய்கள் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பெஸ்டாஸ் இழை மாதிரி நடந்துகொள்ளக்கூடும் என்று விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. 2014இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஒரு குறிப்பிட்ட பல்சுவர்க் குழாய் வகையை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. பிசினுக்குள் கட்டிப்போட்ட குழாயை விட, உரசும்போது உதிரும் தூள்தான் கவனிக்க வேண்டியது.